மைனஸ் இருபத்தைந்தில் ஒரு ஒலிப்பதிவு

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, ஐயா. அதனால்தான் பதிவின்போது நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

நானும் என் மனைவியின் தம்பியும் பதினோரு வருடங்களாக பிளாக் மெட்டல் என்கிற இருட்டு ராக் இசை வாசிக்கிறோம். ஒரு கிட்டார், ஒரு டிரம், ஒரு ஓட்டை மைக், அதற்கு மேல் மைத்துனனின் அலறல். கேட்பவனுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போக வேண்டும், அதுதான் இதற்கு இலக்கணம். மெருகேற்றுகிற வேலையெல்லாம் எங்களுக்கு ஆகாது. கேசட் ஓட ஆரம்பித்தால் பக்கம் முடியும்வரை யார் செத்தாலும் நிறுத்துவதில்லை என்று இருவரும் சேர்ந்து போட்ட சட்டம் ஒன்று உண்டு.

ஐந்தாவது ஆல்பத்துக்குக் குரல்தான் உதைத்தது. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம். தாலாட்டுப் பாடிப் பாடித் தொண்டை இளகிவிட்டது. நரகத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததை ஏதோ சுற்றுலா போய்வந்தவன் மாதிரி பாடினான். கேட்டால், "மாமா, எனக்கு இப்ப துக்கமே வரல. இதோட விட்டுடறேனே" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கைக்குழந்தையிடமா தோற்பது?

நான் ஐஸ்கிரீம் கிடங்கில் மேற்பார்வையாளர். ஞாயிறு மதியம் அங்கே ஈ, காக்கை இருக்காது. உறைகுளிர் அறைக்குள் கடைசியாக ஒரு தடவை பாடிப் பார் என்றேன். பாவம், தட்டாமல் வந்தான். அவன் குளிர் ஜாக்கெட் மைக்கில் சரசரக்கும் என்று கழற்றி வாங்கி வைத்துக்கொண்டேன். கதவின் உள்பக்கக் கைப்பிடி கடகடவென்று ஆடும். அதை முந்தின நாளே கழற்றிவிட்டேன். நல்ல பதிவுக்கு முன்னேற்பாடு முக்கியம்.

பத்து நிமிடம் சுமாராகத்தான் பாடினான். பிறகு கதவைத் தட்ட ஆரம்பித்தான். இருபதாவது நிமிடத்தில் குரல் உடைந்தது. "மாமா, பாப்பா முழிச்சிருப்பா. கதவத் திறங்க" என்றான். ஹெட்போனில் கேட்ட எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினோரு வருடங்களாகத் தேடிய இருட்டு அதுதான். சந்தோஷத்தில் அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

வேண்டுமென்றே செய்தேன் என்று என் மனைவி சொல்வது அபாண்டம். நான் சட்டத்தை மதித்தேன், அவ்வளவுதான். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் கேசட் தானாக நின்றது. அப்போதும் உள்ளேயிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது, அதை நான் மறைக்கவில்லை. கேசட்டை வெளியே எடுத்து, தூசி ஊதி, திருப்பிப் போட்டேன்.