மூன்றாவது கார்ட்

உப்புக் காற்று கமராவுக்கு ஆகாது, மேடம். புத்தளத்தில் களப்புப் பக்கம் வீடு இருந்தால் இரும்புக் கட்டில்கூட நாலைந்து வருடத்தில் உதிரத் தொடங்கிவிடும். அப்படியிருந்தும் எங்களுடைய இரண்டு கமராக்களும் ஏழு வருடம் உழைத்தன. ஒவ்வொரு கலியாணமும் முடிந்து வந்தவுடன் நான்தான் அவற்றைத் துடைத்து, இறுக்கமாக மூடும் பெட்டியில், துணியில் முடிந்த வறுத்த அரிசியோடு வைப்பேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

எங்களுடைய என்று சொன்னாலும் அவை மபாஸா ராத்தாவின் கமராக்கள். ராத்தா என் பெரியும்மாவின் மகள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தம் வராது, அவ்வளவுதான். பிறகு வண்ணாத்திவில்லில் எங்கள் வீட்டில் உம்மாவோடு கஜுக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டையின் பால் பட்டால் விரல் கறுத்துத் தோல் உரியும். ஒரு வருடம் கழித்து ராத்தா என்னைப் புத்தளத்துக்குக் கூட்டி வந்து, இரண்டாவது கமராவை என் கையில் கொடுத்தார். முகத்துக்கு முன்னால் கமரா இருந்தால் யாரும் நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் வவுனியா என்பதால் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கலியாணத்தில் பெண்கள் தனி மண்டபம். அங்கே ஆண்கள் வருவதில்லை என்பதால் எல்லோரும் முக்காட்டை எடுத்துவிட்டு, நகை தெரிய, பாட்டுப் பாடி, ஆடிக்கொண்டிருப்பார்கள். அதைப் படம் பிடிக்க நாங்கள் இருவர் மட்டும் போவோம். கடைசிப் படம் எடுத்ததும் ராத்தா தன் கமராவில் இருக்கும் மெமரி கார்டைக் கழற்றுவார், நான் என்னுடையதைக் கழற்றுவேன். இரண்டையும் பெண்ணின் உம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ராத்தாவே மூடிவிடுவார். பிறகு அந்த உம்மாதான் கார்டுகளைக் கொண்டுவந்து, பக்கத்தில் இருந்து அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்து, திருப்பிக் கொண்டுபோவார். எங்களிடம் ஒரு படமும் தங்காது. புத்தளத்தில் எத்தனையோ பேர் படம் பிடிக்கிறார்கள். எங்களைக் கூப்பிடுவது அந்த இரண்டு கார்டுக்காக.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் புதுக் கமராக் கதை வந்தது. சிலாபத்தில் கில்பட் என்று ஒருவர் கமரா வாங்கி விற்கிறார். பழையவை இரண்டையும் கொடுத்து, மேலே கொஞ்சம் காசும் கொடுத்தால், புதிய மாடல் ஒன்று தருவதாகச் சொன்னார். ராத்தா ஒரு மாதம் யோசித்தார். யூடியூப்பில் பார்ப்பார், தலையில் கையை வைப்பார், மறுபடியும் பார்ப்பார்.

பழையவற்றில் குறை இல்லாமல் இல்லை. வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். பெண் தலையைத் திருப்பினால் கமரா பின்னால் உள்ள பூவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு கமரா என்றால் இரண்டு பேர். ஒன்று என்றால் ஒருவர்தான். இதை ராத்தா வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாததால் நானும் கேட்கவில்லை.

கில்பட் கமராவைக் கொண்டுவந்த அன்று வாசலில் நின்றே புகழத் தொடங்கினார்.

“மிஸ், இது கமரா இல்ல, சீஐடி. ஆயிரம் பேர் நிண்டாலும் கண்ணத் தேடிப் புடிச்சிரும். நீங்க சும்மா அமத்தினாப் போதும்.”

“அப்ப எனக்கும் வேல இல்லண்டு செல்லுங்களேன்” என்றார் ராத்தா.

“ஒங்களுக்கு இரிக்கு மிஸ். தங்கச்சிக்குத்தான் இனி லீவு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கமராவை ஒரு கிழமைக்குப் பாவித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து பழையவற்றை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அன்று நான் ஒரு தடவை கேட்டேன். “ராத்தா, பழசும் நல்லாத்தானே இரிக்கு?”

“பழசு நல்லம்தான் புள்ள. எனக்குத்தான் கண்ணு மங்குது. ஒன்ட உம்மாவும் ஒன்னய அனுப்பச் செல்லிக் கேட்டுட்டே இரிக்கிறா. எத்தின நாளைக்கு நீ இப்புடி என்ட வீட்டுல ஒளிஞ்சி கெடக்கிற?”

அன்பாகத்தான் சொன்னார். அவர் என்னிடம் கோபமாக எதையும் சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் கிழமையில் ஒரே ஒரு கலியாணம், ஞாயிற்றுக்கிழமை. சித்தி லெய்லா என்ற பெயருடைய மாமி ஒருவரின் மகளுடையது. ராத்தா புதியதை வைத்துக்கொண்டார், நான் பழையதில் ஒன்றை. பெண்கள் எப்போதும் போலத்தான். “மபாஸா, என்ட வயித்த வெட்டிட்டு எடும்மா” என்று ஒருவர். “அப்ப படத்துல ஒன்னுமே மிஞ்சாதே மாமி” என்று இன்னொருவர். மண்டபமே சிரித்தது.

ஸஃப்னா அங்கேதான் வந்திருந்தாள். முகத்தை மூடிக்கொண்டு வந்து, கதவு சாத்திய பிறகுதான் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய கலியாணத்துக்கும் நாங்கள்தான் போனோம், பழைய கமராக்களோடு. பிறகு அவள் கணவர் அஸ்ஜத்திடமிருந்து ஓடிப்போய் எட்டு மாதமாக எங்கேயோ இருந்தாள். காதி நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டிருந்தாள். அஸ்ஜத் அவளைத் தேடி எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, “கண்டா ஒரு மிஸ்கோல் போடுங்க, மத்ததை நான் பாத்துக்குவன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய நம்பர் கலியாண நாளிலிருந்தே ராத்தாவின் போனில் இருந்தது.

சிநேகிதியின் கலியாணம் என்பதால் ஸஃப்னா வந்தாள். ஆண்கள் வராத இடம், கார்ட் உம்மாவின் கைக்குப் போகும் இடம் என்ற நம்பிக்கையில் வந்தாள். என் பக்கத்தில் வந்து, “தங்கச்சி, என்னய மட்டும் எடுக்காதீங்க” என்றாள். வலது முழங்கைக்குக் கீழே தீக்காயம் மூன்று வரிசையாக இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

பிறகு ராத்தா புதுக் கமராவை என் கையில் தந்தார். “நீயும் ஒருக்காப் புடிச்சிப் பாரு, ஆசைக்கு.” பெண்ணைச் சுற்றி நின்றவர்களை எடுத்தேன். கில்பட் சொன்னது உண்மைதான். அந்தக் கமரா எல்லாரையும் தாண்டி, பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த ஸஃப்னாவின் கண்ணைத் தேடிப் பிடித்தது. நான் அவளைக் குறிவைக்கவில்லை, மேடம். சின்னப் பச்சைப் பெட்டி ஒன்று அவள் கண்ணில் போய் உட்கார்ந்தது. நான் அழுத்தினேன்.

கடைசியில் ராத்தா கார்டைக் கழற்றினார், நானும் கழற்றினேன். எப்போதும் போல இரண்டு. சித்தி லெய்லா மாமி உள்ளங்கையைப் பார்த்து, “ரெண்டும் சரி” என்று முந்தானையில் முடிந்துகொண்டார். புதிய கமராவில் இரண்டு கார்ட் போடலாம், ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும் என்று யூடியூப்பில் எத்தனையோ தடவை பார்த்தவர் ராத்தா. ஆனால் ஏழு வருடம் பழகிய கை. இரண்டு கொடுத்ததும் மனது ஆறிவிட்டது. மூன்றாவது கார்ட் கமராவிலேயே இருந்தது. நான் அதைக் கண்டேன். அந்த இடத்தில் இருபது பெண்கள் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் ராத்தாவை நிறுத்தி, பிழை விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். திங்கட்கிழமை சொல்ல நினைத்தேன். அன்று ராத்தா புதுக் கமராவை மடியில் வைத்துக்கொண்டு, “இனி இதுதான் புள்ள” என்றார். செவ்வாய்க்கிழமை உம்மா கோல் எடுத்து, வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வரச் சொன்னார். எல்லாம் பேசி முடிந்திருந்தது. என்னிடம் பேச வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

புதுக் கமரா திரும்பிப் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதிலிருந்து ஒரு படம் வெளியே போக வேண்டும். போனால் ஊர்ப் பெண்கள் அதை உள்ளே விடமாட்டார்கள். ராத்தாவுக்குப் பழையவைதான் கதி. பழையவை இரண்டு. இரண்டுக்கு இரண்டு பேர் வேண்டும்.

கார்டில் நானூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. மணப்பெண்ணின் படத்தை அவளுடைய கூடப்பிறந்த நானாவுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அது குடும்பத்துக்குள் ஒரு சண்டை. ராத்தா போய் அழுது மன்னிப்புக் கேட்டால் இரண்டு நாளில் அடங்கிவிடும். அது போதாது. சத்தம் போடக்கூடிய ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்த சத்தம் போடக்கூடிய ஆள் அஸ்ஜத்தான். அவர் மாமியின் வீட்டுக்குப் போய்க் கத்துவார், ஊர் கூடும், படம் எப்படி வந்தது என்று கேட்பார்கள், கமரா திரும்பிப் போகும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

புதன்கிழமை ராத்தா லுஹர் தொழப் போனார். போன் சார்ஜில் இருந்தது. புதுக் கமராவிலிருந்து படம் நேரே போனுக்கு வரும், கம்பி தேவையில்லை. அது நல்ல வசதிதான், அதை நான் மறுக்கமாட்டேன். ராத்தா நான்கு ரக்அத் தொழுது முடிப்பதற்குள் படத்தை அனுப்பி, அனுப்பியதை அழித்து, போனைத் திரும்பச் சார்ஜில் போட்டேன். அது நல்ல படம், மேடம். அவள் அவ்வளவு சிரித்து அவளுடைய கலியாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அஸ்ஜத் மாமியின் வீட்டுக்குப் போகவில்லை. கத்தவும் இல்லை. பின்னேரமே ஸஃப்னா இருந்த இடத்துக்குப் போனார். மிச்சம் உங்களுடைய பொலிஸ் பைலில் இருக்கிறது. வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு ஸஃப்னாவின் ஜனாஸாவை அடக்கினார்கள். ராத்தா போய்விட்டு வந்தார். நான் வீட்டில் இருந்து பழைய கமராக்களைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை கில்பட் வந்தார். ராத்தா கதவைத் திறக்காமல் யன்னலால் புதுக் கமராவை நீட்டினார். “வாணாம் தம்பி, கொண்டு போங்க” என்றார். உம்மா கோல் எடுத்தபோது, “இப்ப புள்ளைய அனுப்ப ஏலா, எனக்கு ஆளில்ல” என்றார். அந்த வார்த்தையை நான் அறைக்குள் இருந்து கேட்டேன். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

ராத்தா உங்களிடம் தன்னுடைய பிழை என்று சொல்லிவிட்டார். கார்டை மறந்தது அவர், போன் அவருடையது, தானே கமராவில் எதையோ தெரியாமல் அமத்தியிருப்பதாக நம்புகிறார். நீங்கள் அவருக்குப் படத்தை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எழுதியிருந்ததைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும், ஏனென்றால் ஸஃப்னா எங்கே இருக்கிறாள் என்பது ராத்தாவுக்குத் தெரியாது.

அதை நான்தான் எழுதினேன். படம் மட்டும் போனால் அஸ்ஜத் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருப்பார், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்து கில்பட் பழையவற்றைக் கொண்டுபோய்விடுவார். அதனால், எலுவன்குளம், பள்ளிவாசலைத் தாண்டிக் குளத்துப் பாதையில் மூன்றாவது வீடு, பச்சைக் கதவு என்று எழுதினேன். எனக்கு அது எப்படித் தெரியும் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கலியாணத்தன்று சாப்பாட்டு நேரம் நான் மூலையில் தனியாக இருந்ததைக் கண்டு, ஸஃப்னா தன்னுடைய தட்டையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டு மாதமாகக் கதைக்க ஆளில்லை, ஒரு நாள் வந்து என்னோடு நின்றுவிட்டுப் போங்கள் தங்கச்சி என்று வழி சொன்னாள்.

போவதாகத்தான் இருந்தேன்.