அக்காவின் வலது கை

தலை பின்னுவதில் என் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. என் முடி மெல்லியது, கையில் நிற்காது. அக்கா பின்னினால் மட்டும் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். பின்னும்போதே வம்புக்கு இழுப்பாள். "ஊமைக்கோட்டான், இன்னைக்காவது கிளாஸ்ல வாயத் திறப்பியா?" நான் தலையாட்டுவேன். "ஆட்டாதடி, வகிடு கோணுது" என்பாள்.

வீட்டில் அவளுக்கு ஸ்பிளின்ட் மாட்டிவிட்டது யார் என்று நேற்று கேட்டீர்கள், மேடம். நான்தான். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. பெரிய விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். விரிப்பு சுருங்கினால் மெஷினை நிறுத்தாமல் கையாலேயே இழுத்துவிடுவார்கள். நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவார். அப்படி இழுத்தபோதுதான் உருளை அவள் வலது கையை உள்ளே வாங்கிக்கொண்டது. அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

பிசியோதெரபிக்கு அவளைக் கூட்டி வந்த முதல் நாளே நீங்கள் தெளிவாகத்தான் சொன்னீர்கள். "வெந்த தோல் ஆறும்போது சுருங்கும்மா, விரலை உள்ள இழுத்துக்கும். அவ அழுதாலும் தினம் நீட்டி விடணும். தூங்கும்போது விரல் மடங்காமப் பிடிச்சுக்க இந்த ஸ்பிளின்ட் கட்டாயம்." அப்படியே செய்தேன். அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள். ஆனால் விரல்கள் நீண்டன. டம்ளர் பிடித்தாள். ஒருநாள் சீப்பைக்கூட எடுத்துப் பார்த்தாள்.

சலவைக்கூடத்து வேன் டிரைவர் அடிக்கடி வந்து பார்ப்பார். நல்ல மனிதர். "கை சரியானதும் கல்யாணத்த வச்சுக்கலாம். அப்புறம் எங்க ஊர்ப்பக்கமே போயிடலாம்" என்றார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அக்கா சிரித்தாள். என்னைக் காட்டி, "இவள என்ன பண்றது?" என்று கேட்டாள். "நல்ல ஹாஸ்டலாப் பாத்துச் சேத்துடலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

வக்கீலின் குமாஸ்தாவும் வீட்டுக்கு வந்தார். நஷ்டஈடு எப்படிக் கணக்குப் பண்ணுவார்கள் என்று விளக்கினார். "கம்பெனி டாக்டர் கையப் பாப்பாரு. எந்த விரல் நீளுது, எது நீளல. அதுக்குத்தான் காசு."

"அவ பட்ட வலிக்கு?" என்று கேட்டேன். நான் வாய் திறந்ததில் அக்காவே திரும்பிப் பார்த்தாள்.

"வலிய யாரும்மா அளந்து பாக்க முடியும்? கை நல்லாயிட்டா ஆஸ்பத்திரிச் செலவோட சரி."

இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். புண்ணில் ஒட்டிய துணியைப் பிரிக்கும்போது அவள் போட்ட சத்தம் உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக் கையைச் சரிசெய்துகொண்டவளுக்கும் ஒன்றுமில்லை. பட்ட வலி வெளியே தெரியாது. மடங்கிய விரல் தெரியும். வலியை வெளியே தெரியும்படி ஆக்கினேன், அவ்வளவுதான்.

அது கஷ்டமாகவும் இல்லை. "இன்னைக்கு வேணாம்டி" என்று அக்கா தினமும் கெஞ்சுவாள். "சரிக்கா" என்றேன். ஸ்பிளின்ட் இனிமேல் தேவையில்லை என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். உங்களுக்குப் போன் செய்து அக்காவுக்குக் காய்ச்சல் என்றேன். அவளிடம் நீங்கள் லீவு என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவி, "அம்மா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாடி" என்றாள். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கம்பெனி டாக்டர் இழுத்துப் பார்த்தார், நீளவில்லை. கேட்ட தொகை கிடைத்தது. அன்று வேன் டிரைவரும் வந்திருந்தார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு உங்களுக்கு ஒரு டீகூடப் போட்டுத் தர முடியாது. நீங்க போங்க" என்று அக்காவே அவரை அனுப்பிவிட்டாள். அவர் வாசலில் நெடுநேரம் செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலடியிலேயே இருந்தது.

இப்போதும் அக்கா என்னைத் தலை பின்ன உட்காரச் சொல்கிறாள். மடங்கிய விரல்களுக்கு நடுவே ஒரு கற்றையைச் செருகிக்கொண்டு, மற்றதை இடது கையால் சுற்றுகிறாள். வம்புக்கு இழுப்பதில்லை. தெருமுனை போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. திரும்பி வரும்போது, அவளுக்குத் தெரியாமல் நானே முடிந்துகொள்கிறேன்.

ஆபரேஷன் செய்தாலும் விரல் நீளாது என்று நேற்று சொன்னீர்கள். அக்கா தன்னால்தான் என்றாள், வலிக்குப் பயந்தது தன் தப்பு என்றாள். அவள் தப்பு எதுவும் இல்லை, மேடம். எல்லாம் நான் செய்தது. அவளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன்.

ஒன்று மட்டும் எனக்கே விளங்கவில்லை. குமாஸ்தா வந்து நஷ்டஈட்டைப் பற்றிச் சொன்ன அன்று, ஸ்பிளின்ட் ஏற்கெனவே பரணில் இருந்தது. வேன் டிரைவர் ஹாஸ்டல் என்று சொல்லிவிட்டுப் போனாரே, அன்றைக்கே நான் அதை எடுத்து மேலே வைத்துவிட்டேன்.