வாக்கரின் கால்களில் ஒட்டிய கம்பளி

நீயும் உன் வீட்டுக்கு வினைல் பலகைத் தரை போடப்போவதாகச் சொன்னாய் மகளே, அதனால் சொல்கிறேன். முதலில் மணலைக் கூட்டி எடுத்துவிடு. துணியை ஒட்டப் பிழிந்து துடை. ஈரம் இடுக்கில் இறங்கினால் பலகை எழும்பிக்கொள்ளும். நீராவித் துடைப்பான் வேண்டாம், மெழுகும் வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நான் துடைத்த துடைப்பில், இங்கே வந்து உட்காரும் ஈ தன் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டுதான் போகும்.

"என்னக் கட்டிக்கிட்டதுக்கு இந்தத் தரையக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் உன் அம்மா.

"அதுவாவது எதிர்த்துப் பேசாது" என்பேன்.

அவளுடைய இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பிடித்து நடக்க வாக்கர் வந்தது. நான்கு கால்களிலும் ரப்பர் மூடி. ரப்பரும் வினைலும் சேர்ந்து குடித்தனம் நடத்தாது. கறை விழுந்தால் ஏழு கடல் நீர் கொட்டினாலும் லேசில் போகாது. படுக்கையறையிலிருந்து ஜன்னல்வரை கறுப்புக் கோடுகள். அவள் நடக்க நடக்க, நான் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு போனேன்.

ஆகவே அவள் தூங்கும்போது மூடிகளைக் கழற்றிவிட்டு, நாற்காலிக் கால்களுக்கு ஒட்டுகிற கம்பளி வட்டுகளை ஒட்டினேன். நாற்காலிக்கு நல்லது வாக்கருக்கும் நல்லதுதானே.

"என்னங்க, இது வழுக்குது."

"வழுக்கல. நீதான் வேகமாப் போற. ஓட்டப்பந்தயத்துக்கா பேர் குடுத்திருக்க?"

சிரித்தாள். சிரித்த அசைவிலேயே வாக்கர் ஒரு சாண் முன்னால் நழுவியது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஜன்னலருகே விழுந்தாள். ஜன்னல் திட்டின் விளிம்பில் தலை பட்டது. "ஏங்க" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நான் முதலில் தரையைத்தான் தடவிப் பார்த்தேன், கீறல் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுமுன் வட்டுகளை உரித்தேன், மூடிகளை மாட்டினேன். அவை லேசில் ஏறாது, முறுக்கி முறுக்கி ஏற்ற வேண்டும். கடைசி மூடி ஏறும்வரை அவள் கண் என் கைமேலேயே இருந்தது. அப்புறம் இல்லை.

தலைசுற்றல்தான் அவளைக் கொண்டுபோனது என்றேன். நீயும் நம்பினாய். வாக்கரில் எல்லாம் சரியாக இருந்ததே.

நேற்று நீ கிளம்பிய பிறகு அந்த வாக்கரை அழுத்திப் பிடித்து, படுக்கையறையிலிருந்து ஜன்னல்வரை இழுத்தேன். கறுப்புக் கோடுகள் திரும்பி வந்துவிட்டன. துடைக்க மாட்டேன். யாராவது கேட்டால், அவள் நடந்த தடம், மனசு வராமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.