டாக்டர் நெல்சி கேட்ட பிடி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பல்கலைக்கழகப் பெரியோர்களே, என் முதலாளி திரு. அர்லிந்தோ பியாசோன் அவர்களே, லேத் பட்டறைகளிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடி வந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த இவானிர் தொமாசியின் வணக்கம்.

ஏழாம் நாள் பூசை முடிந்து நேரே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறோம். டாக்டர் நெல்சி ப்ரெசோலின் இல்லை! போன வாரம் பல்கலைக்கழக ஆய்வகப் படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது, அதை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது.

நம் காஷியாஸ் ஊரில் லேத் ஓடாத தெரு உண்டா? அதன் காலடியில் குவியும் இரும்புச் சீவலைக் குப்பை என்றுதானே தள்ளினோம்? அதைக் கழுவி, எண்ணெய் போக்கி, பொடித்து, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்தவர் யார்? டாக்டர் நெல்சி! வெறும் பிளாஸ்டிக்கில் தேங்கி நிற்கும் சூடு அந்தக் கலவையில் சட்டென்று கடந்து போகிறது, இயந்திரத்துக்கு அடியில் வைத்தால் அதிர்வு அடங்குகிறது என்று செய்து காட்டியவர் யார்? டாக்டர் நெல்சி! பியாசோன் ஆலையில் தரச் சோதனைப் பொறுப்பாளனாக நான் சோறு தின்பதே அந்தக் கலவையால்தான்.

அதே கலவையில் பள்ளிப் பேருந்துக்குப் பிடி செய்யலாம் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. இருக்கையைத் தரையோடு பிணைத்து நிறுத்தும் பிடி. ஒரு ஞாயிறு, ஆலை முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். பேருந்துக் கம்பெனிக்காரர்கள் பார்க்க, முதலாளி பிடியின் மேலேயே ஏறி நின்றார்.

"பாருங்கய்யா! என் கனத்துக்கே வளையல! இரும்புக்கே அண்ணன் இது!"

டாக்டர் தன் கையிலிருந்த மாத்தே தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒருமையில்தான் பேசிக்கொள்வார்கள்.

"வளையலன்னா பலம்னு எவன் சொன்னான் அர்லிந்தோ? அந்த பீர் பெட்டியத் தொற."

"இன்னிக்காவது குடிக்கப் போறியா நெல்சி?"

"குடிக்க இல்ல. உன் பிடியக் குளிர வைக்க. நம்ம ஊரு ஜூலை மாசக் குளிர்காலத்துல, விடியக்காலையில, தரையெல்லாம் உறைஞ்சு கெடக்கும்போதுதானே பள்ளிக்கூட வண்டிய எடுக்கறாங்க?"

பெட்டியிலிருந்த பனிக்கட்டிக்குள் பிடியைப் புதைத்தார். இறைச்சி வேகும்வரை காத்திருந்தார். பிறகு எடுத்துச் சுத்தியலால் ஒரே அடி. பிஸ்கட் போல இரண்டாக உடைந்தது! இரும்போடு வளர்ந்த ஊர் இது. கட்டை விரலால் அழுத்திப் பார்ப்போம், வளையாவிட்டால் தலையாட்டுவோம். சீவலைக் கூட்டக் கூட்ட விறைப்பு ஏறும், அடி தாங்கும் குணம் இறங்கும், குளிர் அதை இன்னும் கெடுக்கும். இதை அன்றுதான் கண்ணால் பார்த்தோம்.

சீவலைக் குறைத்து, கொஞ்சம் ரப்பர் சேர்த்து, புதிய பிடிகளை வார்த்தோம். அவற்றையும் குளிரில் அடித்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குள் போய்விட்டார். நேற்று நானே அடித்துப் பார்த்தேன்.

சோதனை முடிவைச் சொல்வதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நான் சராசரியோடு ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "மொதல்ல மோசமானதச் சொல்லு இவானிரு. சராசரியில எந்தப் புள்ளையும் உக்காராது."

அவர் சொன்னபடியே சொல்கிறேன். மோசமானது, முதல் அடியிலேயே உடைந்தது. வேறு சிலவும் உடைந்தன. மற்றவை தாங்கின.

இன்று கோயில் வாசலில் முதலாளி என் தோளில் கை போட்டார். "பெரும்பாலும் தாங்குதில்ல? நாளைக்கு லாரி வருது. சரக்கு போகலன்னா ஆர்டர் போச்சு, ஆளுங்களத்தான் வீட்டுக்கு அனுப்பணும். தேறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுடா. பிடிக்கு நெல்சி பேரையே வெச்சிடறேன்." அவர் கெட்டவர் இல்லை. பயந்திருக்கிறார், நானும் பயந்திருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களும் இந்த மண்டபத்தில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

ஆனாலும் சொல்கிறேன், முதலாளி அவர்களே. தேறவில்லை! செத்துப்போனவரின் பெயரை ஒட்டினால் அது தேறிவிடுமா? அவர் வாயால் ஒருநாளும் சொல்லாத வார்த்தையை அவர் பெயரால் நான் சொல்வதா?

சீவலை இன்னும் சுத்தமாகக் கழுவுவோம், இன்னும் குறைப்போம், மறுபடி வார்ப்போம், மறுபடி அடிப்போம். குளிரில் ஒன்றுகூட உடையாத நாள் வரும்வரை அவருடைய வேலையை நாங்கள் விடப்போவதில்லை. இது என் உறுதிமொழி.

அதை இப்போதே தொடங்குகிறேன். தேறாத சரக்கை அரைவை இயந்திரத்துக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. நாளைக்கு இந்த வேலை எனக்கு இருக்குமோ என்னவோ, இன்றைக்கு இருக்கிறது. கிடங்கில் அடுக்கியிருக்கும் பிடிகளை அரைவையில் கொட்டப் போகிறேன். யார் வருகிறீர்கள்?

நன்றி தோழரே. உங்களுக்கும் நன்றி. பின்வரிசையில் எழுந்தவர்களுக்கும் நன்றி.

முதலாளி அவர்களும் எழுந்துவிட்டார். என்னைத் தடுக்கவா, எங்களோடு வரவா, எனக்குத் தெரியவில்லை. எதற்கானாலும் அவருக்கு வழி விடுங்கள். நாங்கள் ஆலைக்குப் போகிறோம்.