ராத்தாவின் மடிக்கணினிக்குப் போர்ட் மாற்றியது

16.08.2025, சனி

கணினி திருத்தும் வகுப்பின் புதன்கிழமைக் குறிப்பில் ஒரு பிழை. பூட்டிய வன்தட்டைத் திறக்கும் மீட்பு எண்ணுக்கு நாற்பத்தாறு இலக்கம் என்று எழுதியிருக்கிறேன். நாற்பத்தெட்டு. மாலை வகுப்பில் படிப்பிக்கும் சேர் சொல்லும்போது கண் சொக்கிவிட்டது. திருத்திவிட்டேன்.

திருத்தும்போதே மற்றதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கணினியில் ஒரு பாகத்தை மாற்றினால், விண்டோஸ் அடுத்த முறை எழும்பும்போது எல்லாவற்றையும் ஒருமுறை விசாரிக்கும். நினைவகமான ரெம் மாறினால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். வைஃபை கார்ட் மாறினால் அதற்குரிய டிரைவரைத் தேடும். மதர்போர்ட் மாறினால் இது வேறு கணினி என்று முடிவுசெய்யும். வன்தட்டுப் பூட்டின் திறப்பு பழைய போர்டில் ஒரு சிறு சிப்புக்குள் இருக்கிறது. ஆகவே மாற்றுவதற்கு முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். புதன்கிழமைப் பாடம் இதுதான்.

வியாழன் காலை என் ஒரே சகோதரி சிபானா ராத்தா, நான் வேலை செய்யும் கல்முனைக் கடைக்கு மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர் செருகும் சொக்கட்டில்தான் கோளாறு, பத்து நிமிட வேலை. மதர்போர்டே போய்விட்டது என்று சொன்னேன். அதே மொடலில் ஒன்று கடையில் கிடந்தது.

அந்த மடிக்கணினிக்குள் அவள் கணவர் முர்ஷித் மச்சானின் குரல் இருந்தது. பதினேழு பதிவுகள். அடி விழும் சத்தம், அவள் மன்றாடும் சத்தம். ஃபோனை அவர் உடைத்துவிட்டதால் வேறெங்கும் இல்லை. விவாகரத்துக் கேட்டு காதி நீதிமன்றத்தில் அவள் போட்ட வழக்குக்கு அவைதான் சாட்சி. இரண்டு பதிவை முழுதாகக் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

வாப்பா மௌத்தான பிறகு அவர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் விலக்குப் பிடிக்கப் போனது நான். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருக்கும் ஊர் இது. அவர் போய்விட்டால் அந்த வீட்டுக்கும், அவளுக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் ஆண் துணை. பகலில் கடை, மாலையில் வகுப்பு. எனக்குக் களைப்பாக இருந்தது.

பூட்டை நிறுத்தாமல் போர்டை மாற்றினேன். அவளுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கை முன்பு திறந்து கொடுத்தது நான்தான்; கடவுச்சொல் தெரியும். அதில் சேமித்திருந்த மீட்பு எண்ணை அழித்தேன். பழைய போர்டைத் திரும்பப் போட்டால் திறந்துவிடுமே என்ற சந்தேகம் வந்தது. அந்தச் சிப்பைச் சூட்டுக் காற்றால் கழற்றிக் குறட்டால் நொறுக்கினேன். புதிய போர்டில் சார்ஜ் நன்றாக ஏறியது.

“என்னடா இது, நம்பர் கேக்குது?”

“போர்ட் புதிசு ராத்தா. வேற கம்ப்யூட்டர் எண்டு நினைக்குது.”

“அதுக்கு என்னைத் தெரியாமப் பெய்த்தா? இதைத் திறக்க ஏலாட்டி உனக்கு சேட்டிபிக்கட் என்னத்துக்குடா?” சிரித்தாள். பிறகு, “கேஸ் சனிக்கிழமை. எப்பிடியாவது பாரு மனே.”

“ஓம் ராத்தா, பாக்குறன்.”

இரண்டு நாள் பார்ப்பதுபோல வைத்திருந்தேன்.

இன்று காதி நீதிமன்றத்தில் மச்சான், “எங்க உங்கட சாட்சி?” என்று கேட்டார். ராத்தா என்னைப் பார்த்தாள். அது தானாகவே பூட்டிக்கொண்டது என்றேன். வழக்கை மீளப் பெறுவதாக அவளே கையெழுத்து வைத்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வரும் வழியில், இவ்வளவு பாடுபட்டதற்கு எனக்கு நன்றி சொன்னாள்.

வீடு உடையாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

நாளைய வேலை: காலையில் போய், வழக்குப் போட்டதிலிருந்து வரிப்பத்தான்சேனையில் தன் தாய் வீட்டில் இருக்கும் மச்சானைக் கூட்டி வர வேண்டும். அதற்கு முன், ராத்தா தன் அறைக் கதவில் போட்டிருக்கும் உள் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும். மச்சான் கேட்டிருக்கிறார்.