காப்பார் சேற்றில் கரண்டு

கிள்ளானிலிருந்து வந்த கொம்யூட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள்.

“கரண்டு ஸ்டேஷன் லீக்காயிருச்சுன்னு கத்திக்கிட்டே ஓடினேன் மச்சான்,” என்றார் ஒருவர். “காப்பார்ல கரண்டு ஸ்டேஷன் பக்கத்துக் கடலோரமா கெராங் சிப்பி பொறுக்கப் போயி, சேத்துல கால வச்சேன். முட்டி வரைக்கும் ஷாக்.”

“நெசமாவே லீக்கா?”

“இல்லலா. திரும்பிப் போய்ப் பார்த்தா, தட்டு மாதிரி ஒரு திருக்கை மீனு சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கு. கரண்ட அது உடம்பே செய்யுதாம். போன்ல தேடிப் பார்த்தேன். முட்டையில்ல, குட்டிதான் போடுமாம். பொறந்த உடனே குட்டியும் ஷாக் அடிக்குமாம்.”

ஷா ஆலம் தாண்டியதும் மற்றவர் கேட்டார்.

“அப்போ வயித்துக்குள்ள இருக்கறப்ப அம்மாவுக்கு அடிக்காதா?”

மிதித்தவர் செருப்பைக் கழற்றித் தன் உள்ளங்காலைப் பார்த்தார்.

“வயித்துல குட்டி இருந்த அம்மா மேலயா மச்சான் நான் ஏறி நின்னேன்?”