சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க

— ஹெட்போனைக் கழட்டிடுங்க சார். பட்டனையும் கீழ வச்சுடுங்க.

— அதுக்குள்ள முடிஞ்சுதா டாக்டரம்மா? நான்தான் அப்பவே சொன்னேனே, எனக்குப் பாம்புக் காதுன்னு.

— சத்தமெல்லாம் விட்டு முடிச்சாச்சு. நான் மெஷினை நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு.

— என்னது? கொஞ்சம் என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— ரெண்டு நிமிஷமா ஹெட்போன்ல எந்தச் சத்தமும் வரல. சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்கன்னு சொல்லியிருந்தேன். நீங்க இருபத்தெட்டு தடவை அழுத்தியிருக்கீங்க.

— சரி விடுங்க, கை தானா அழுத்திடுச்சு போல.

— தானா அழுத்தின மாதிரி தெரியல. கம்ப்யூட்டர்ல கோடு வரிசையா விழுந்திருக்கு. மூணு அழுத்து, ஒரு இடைவெளி, ரெண்டு அழுத்து, ஒரு இடைவெளி. கடைசி வரைக்கும் ஒண்ணுகூட மாறல.

— அதை நான் ஆரம்பிக்கலையே. நீங்கதான் ஆரம்பிச்சீங்க.

— நானா?

— முதல்ல கட்டைச் சத்தமா விட்டீங்கல்ல, அதெல்லாம் நல்லாவே கேட்டுச்சு. மூணு விட்டீங்க, நிறுத்தினீங்க, ரெண்டு விட்டீங்க. ரெண்டு சுத்து வந்ததும் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் சத்தம் கீச்சாகக் கீச்சாக ஒண்ணும் கேக்கல. கேட்டா என்ன, கேக்காட்டி என்ன, தாளம்தான் கையில இருக்கே. நாப்பது வருஷமா அதுதானே பொழப்பு.

— அப்ப அது என் தப்புதான். எப்ப வரும்னு யூகிக்க முடியாத மாதிரி தாறுமாறா விடணும். படிக்கும்போது முதல் வாரமே சொல்லித் தந்துடுவாங்க. பதினெட்டு வருஷத்துல நான் இப்படிப் பண்ணதே இல்ல.

— அது என் முதல் பாட்டோட தாளம்மா. எங்க டிரம்ஸ்காரன் அது பிடிபட ஆறு மாசம் என் உயிரை வாங்கினான். நீங்க ஒரு பட்டனை வச்சுக்கிட்டு பிசிறில்லாம வாசிச்சுட்டீங்க.

— 'பாட்டுக்காரர் இடி வந்திருக்கார்'னு ரிசப்ஷன்லேர்ந்து வந்து சொன்னாங்க. நான் ஒண்ணும் காட்டிக்கக் கூடாது, எல்லாரையும் மாதிரிதான் உங்களையும் பாக்கணும்னு நெனச்சுட்டு வந்தேன். விரல் காட்டிக்கொடுத்துடுச்சு.

— இடியாம் இடி. இப்ப நிஜ இடி விழுந்தாலும் பக்கத்துல இருக்கவங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நீங்க கிட்டார் வாசிப்பீங்களா?

— எனக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாது. எனக்குச் சின்ன வயசுல திக்குவாய் சார். பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்ல முடியாது. 'உ'லயே நிப்பேன், வகுப்பே சிரிக்கும். எங்க அக்கா உங்க கேசட் வச்சிருந்தா. அது கூடப் பாடினா ஒரு எழுத்துகூடத் திக்கல. அப்புறம் பாட்டை விட்டுட்டு, தாளத்தை மட்டும் விரலால தொடையில தட்டிக்கிட்டே பேசிப் பாத்தேன். பேச்சு வந்துச்சு.

— இன்னும் தட்டுவீங்களா?

— இப்பக்கூடத் தட்டிக்கிட்டுத்தான் பேசறேன். மேஜைக்குக் கீழ கை இருக்கறதால யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கே கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

— அடேயப்பா. கையில பச்சை குத்திக்கிட்டவன், பொண்ணுக்கு என் பாட்டுப் பேரை வச்சவன்னு எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். இது புதுசு.

— புகழ்றதுக்காகச் சொல்லல சார். தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான். ஹெட்போனைத் திரும்ப மாட்டுங்க. இந்தத் தடவை கடிகாரத்தைப் பாத்து மாத்தி மாத்தி விடறேன். கேட்டா மட்டும் அழுத்துங்க.

— உத்தரவு.

— போதும் சார், இந்தத் தடவை சரியா எடுத்தாச்சு, கழட்டலாம்.

— உங்க முகமே சொல்லுது. மென்னு முழுங்காமச் சொல்லிடுங்க.

— வலது காதுல கீச்சுச் சத்தம் எதுவுமே இல்ல. இடது அதைவிட மோசம். அந்த முதல் பாட்டு முடியும்போது கிட்டார் மேல ஏறி ஏறிப் போகுமே, அது உங்களுக்கு இப்பக் கேக்கவே கேக்காது.

— கேட்டு ஆறு வருஷமாச்சு. எங்க போகணும்னு விரலுக்குத் தெரியும், போயிடும். கைதட்டினா முடிஞ்சுதுன்னு அர்த்தம். கைதட்டறதைக் கண்ணால பாத்துக்கலாம்.

— வீட்ல தெரியுமா?

— சம்சாரத்துக்குத் தெரியும். நான் டிவி சத்தத்தைக் கூட்டினா ஒரு வார்த்தை பேசாம எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவா. மகளுக்குத் தெரியாது. வெளியூர்ல இருக்கா, போன்ல பேசினா எனக்குப் பாதி ஊகம்தான். போன வாரம் அவ அழுதிருக்கா. நான் 'ரொம்ப சந்தோஷம்மா'ன்னு சொல்லி வச்சுட்டேன்.

— இந்தப் பரிசோதனை எதுக்கு சார்?

— இருபது ஊர்ல கச்சேரி. காது நல்லாருக்கு, மேடை ஏறலாம்னு ஒரு தாள் வேணுமாம் நடத்தறவங்களுக்கு. அது இல்லன்னா டூர் கிடையாது.

— ஏறினா மிச்சம் இருக்கறதும் போயிடும். இப்ப முகத்துக்கு நேரா பேசினா கேக்குதே, அதுகூடக் கேக்காது. ஒரே டூர் போதும் அதுக்கு.

— டூர் இல்லன்னா வேன் ஓட்றவர்லேர்ந்து லைட்காரர் வரைக்கும் முப்பது பேர் வீட்ல உக்காரணும். எனக்கும் மேடையைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. என்ன எழுதப் போறீங்க?

— இதுவரைக்கும் நான் யாருக்கும் பொய்யா எழுதிக் கொடுத்ததில்ல. லாரி ஓட்ற ஒருத்தர் இந்த நாற்காலியில உக்காந்து கால்ல விழாத குறையா கெஞ்சினார். எழுதல.

— சரி.

— ஆனா முதல் தடவை எடுத்தது மெஷின்ல அப்படியே இருக்கு. அதுல எல்லாச் சத்தமும் கேட்ட மாதிரிதான் இருக்கு. அதையே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்.

— ஏம்மா?

— நீங்க இல்லாத மேடையை என்னால நெனச்சுப் பாக்க முடியல. நான் வாயைத் திறந்து பேசறதே உங்களாலதான். உங்களுக்கு 'முடியாது'ன்னு எழுத எனக்குக் கை வராது சார். இந்தாங்க, மடங்காம எடுத்துட்டுப் போங்க. ஏன் தாளையே பாத்துட்டு நிக்கறீங்க?

— இது நாலாவது தாள்மா. மூணு தாள் வீட்ல கிடக்கு, ஒண்ணைக்கூட நான் அனுப்பல.

— இருந்தும் ஏன் இங்க வந்தீங்க?

— நானா இறங்க எனக்குத் தைரியம் இல்ல. போதும், இறங்குன்னு யாராச்சும் எழுதணும். முன்னாடி பாத்த மூணு டாக்டருங்களும் உங்களை மாதிரியே காது போனதைக் கண்டுபிடிச்சாங்க, உங்களை மாதிரியே கையெழுத்தும் போட்டாங்க. இந்த ஊர்ல என் பாட்டே பிடிக்காத காது டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?